சுஸ்ருதர் கொசுவைப் பிடித்தாரா? மலேரியாவும் பழைய மருத்துவ நூல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக் காலம் முழுக்க ரத்தத் தடவல் போட்டு, மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமியைத் தேடியவன். பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஒரு செய்தி வந்தது. 2,600 ஆண்டுகளுக்கு முன்பே ஆயுர்வேத மருத்துவர் சுஸ்ருதர் மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று எழுதிவிட்டாராம். ஆங்கிலேய மருத்துவர் ரொனால்டு ராஸ் அதைத் திருடித்தான் நோபல் பரிசு வாங்கினாராம். நான் நூலைப் பிரித்துப் பார்த்து நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான், கேள்விகள் குவிந்துவிட்டன. அடிக்கடி வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

சுஸ்ருதர் அப்படி எழுதினாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

இல்லை.

கொசுவைப் பற்றி அவர் எதுவுமே எழுதவில்லையா?

எழுதியிருக்கிறார். சுஸ்ருத சம்ஹிதையில் கல்பஸ்தானம் என்றொரு பகுதி. முழுக்க விஷங்களைப் பற்றியது. அதன் எட்டாம் அத்தியாயத்தில் தேள், பூரான், சிலந்தி, குளவி, ஈ, எறும்பு எல்லாம் வரிசையாக வரும். அந்த வரிசையில் ‘மசகம்’ என்று கொசுவும் வருகிறது. ஐந்து வகை சொல்கிறார்: கடலோரக் கொசு, வட்டக் கொசு, யானைக் கொசு, கருங்கொசு, மலைக் கொசு. இவை கடித்தால் கடுமையான அரிப்பும் கடிவாயில் வீக்கமும் வரும். மலைக் கொசு மட்டும் வேறு மாதிரி. அது கடித்தால் உயிரை எடுக்கும் பூச்சிகள் கடித்ததற்கு உண்டான குறிகள் தெரியும் என்கிறார்.

மசகத்துக்கு அங்கே ஒதுக்கிய இடம் இவ்வளவுதான். வாட்ஸ்அப் மாளிகை முழுக்க இந்தக் கடைசி வாக்கியத்தின் மேல் கட்டியது.

‘உயிர்கொல்லிப் பூச்சிகளின் குறிகளில் காய்ச்சலும் உண்டே’ என்று ஒரு தோழர் மடக்கினார். உண்டுதான். தேள் கொட்டினாலும் காய்ச்சல் வரும். அது கடித்த விஷத்தால் அப்போதே ஏறுகிற காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் மணியடித்த மாதிரி வந்து, பல்லைக் கிடுகிடுக்க வைத்து, வேர்த்து இறங்குகிற முறைக்காய்ச்சலை அவர் இந்த இடத்தில் பேசவே இல்லை.

அப்படியானால் முறைக்காய்ச்சலைப் பற்றி எங்கே பேசுகிறார்?

அதே நூலின் கடைசிப் பகுதியான உத்தரதந்திரத்தில், 39ஆம் அத்தியாயத்தில். எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது இங்கேதான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

ஆயுர்வேதத்தில் ‘விஷம சுரம்’ என்று ஒரு வகை. விஷம் வேறு, விஷமம் வேறு. விஷமம் என்றால் சமமில்லாதது, ஒழுங்கு மாறி மாறி வருவது. இன்னொரு பழைய ஆயுர்வேத நூலை எழுதிய சரகரும் சுஸ்ருதரும் இதை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். விடாமல் தொடர்வது சந்ததம். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறுவது சததம். நாள்தோறும் ஒருமுறை வருவது அந்யேத்யுஷ்கம். அடுத்தது த்ருதீயகம், அதாவது மூன்றாம் நாள் சுரம். கடைசி சதுர்த்தகம், நான்காம் நாள் சுரம்.

லேப்பில் இருந்தவனுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. மலேரியாக் கிருமிகளில் ஒன்றான வைவாக்ஸ் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வரும். திங்கள்கிழமை காய்ச்சல் என்றால் அடுத்தது புதன்கிழமை. இன்றைக்கு, நாளைக்கு, நாளன்றைக்கு என்று விரல் மடக்கினால் மூன்று. மலேரியே என்ற இன்னொரு கிருமிக்கு 72 மணி நேரம். அதையும் அதே கணக்கில் எண்ணினால் நான்காம் நாள். மைக்ராஸ்கோப் இல்லாமல், நோயாளியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாளை எண்ணி எண்ணியே இதைப் பிடித்திருக்கிறார்கள்.

ஏன் போய்ப் போய்த் திரும்ப வருகிறது என்பதற்குச் சரகர் சொல்லும் உவமை இன்னும் அழகு. விதை மண்ணுக்குள் கிடந்து காலம் வந்ததும் முளைப்பதுபோல, தோஷமும் (வாத, பித்த, கபக் கோளாறு) உடலின் தாதுக்களில், அதாவது ரத்தம், தசை போன்றவற்றில் கிடந்து காலம் வந்ததும் சீறும் என்கிறார். வைவாக்ஸ் கிருமி கல்லீரலுக்குள் மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்து மறுபடி எழும் என்பது நமக்கு இப்போது தெரியும். உடனே ‘சரகர் கல்லீரல் கிருமியைக் கண்டுபிடித்தார்’ என்று யாரும் செய்தி தட்டிவிடாதீர்கள். அவர் சொன்னது தோஷத்தை, கிருமியை அல்ல. உவமை சரி, பொருள் வேறு.

இனி, நம் மாவட்டக்காரர்கள் கவனிக்கவேண்டிய வரி. சுஸ்ருதர் அதே அத்தியாயத்தில் ‘ஔபத்யக’ சுரம் என்று ஒன்றைச் சொல்கிறார். உபத்யகை என்றால் மலையடிவாரம். மலையடிவாரச் சுரத்துக்குப் பித்தம்தான் காரணம் என்பார்கள் என்கிறார்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்பஸ்தானத்தில், மலைக்கொசு கடித்தால் ஆபத்து. உத்தரதந்திரத்தில், மலையடிவாரத்தில் ஒரு தனிச் சுரம் உண்டு. ஒரே நூலின் இரண்டு ஏடுகள். இரண்டையும் சேர்த்துத் தைக்க நூல் மட்டும் இல்லை. கொசு விஷப்பூச்சிக் கணக்கில் போய்விட்டது. சுரம் பித்தக் கணக்கில் போய்விட்டது. உத்தரதந்திரமே பின்னால் வேறு கையால் சேர்க்கப்பட்டது என்று கருதும் அறிஞர்கள் பலர் உண்டு. அப்படிப் பார்த்தால் இரண்டையும் எழுதியது ஒரே ஆளாகக்கூட இல்லாமல் இருக்கலாம்.

பித்தம் என்று சொன்னது அறியாமைதானே?

அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. வாதம், பித்தம், கபம் என்பது அன்றைய மருத்துவத்தின் இலக்கணம். எந்த நோயைச் சொன்னாலும் அந்த இலக்கணத்தில்தான் சொல்லியாகவேண்டும். ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வள்ளுவரும் அதைத்தான் எடுத்துக்கொண்டார். காய்ச்சல், மஞ்சள் நிறம், பித்த வாந்தி எல்லாம் சேர்ந்து வந்தால் பித்தம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

ஐரோப்பாவும் ரொம்பத் தெளிவாக இருந்துவிடவில்லை. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். 1890கள் வரைக்கும் சதுப்பு நிலத்து ஆவியைத்தான் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வேதத்திலேயே மலேரியா இருக்கிறதாமே?

அதர்வ வேதத்தில் ‘தக்மன்’ என்ற காய்ச்சல் வருகிறது. குளிராக வருபவன், சூடாக எரிப்பவன், நாள்தோறும் வருபவன், மூன்றாம் நாள் வருபவன் என்று அதற்கு வணக்கம் சொல்லித் துரத்துகிறார்கள். ஆளை மஞ்சளாக்குகிறது, இருமலைத் தங்கையாகக் கூட்டிவருகிறது. மூஜவந்தர் நாட்டுக்குப் போ, பாஹ்லிகர் நாட்டுக்குப் போ, அங்கத்துக்கும் மகதத்துக்கும் போ என்று விலாசம் கொடுத்து அனுப்புகிறார்கள். தவளைக்குள் போகச் சொல்லும் மந்திரமும் உண்டு. மலேரியாவை விவரிக்கும் மிகப் பழைய இந்தியக் குறிப்பு இதுவாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அதே வேதத்தில் வேறோர் இடத்தில், கடிக்கும் சின்னஞ்சிறு கொசுவின் விஷம் சாரமற்றுப் போகட்டும் என்றொரு வரி இருக்கிறது. அங்கேயும் அதே கதைதான். காய்ச்சல் ஒரு பாட்டில், கொசு இன்னொரு பாட்டில்.

சரகர் கொசுவைக் குறிப்பிடவே இல்லையா?

குறிப்பிடுகிறார், வேறு கோணத்தில். தன் நூலின் விமானஸ்தானம் என்ற பகுதியில், மூன்றாம் அத்தியாயத்தில் ஊரோடு அழிக்கும் கொள்ளைநோய்களைப் பற்றிப் பேசுகிறார். வெவ்வேறு உடல்வாகு, வெவ்வேறு சாப்பாடு உள்ளவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே நோயில் எப்படிச் சாவார்கள் என்பது கேள்வி. இன்றைக்கும் கொள்ளைநோய் மருத்துவத்தின் முதல் கேள்வி இதுதான். எல்லாருக்கும் பொதுவான காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் கெட்டுப்போவதுதான் காரணம் என்கிறார். கெட்டுப்போன நிலத்தின் அடையாளங்களாக ஒரு பட்டியல் தருகிறார்: பாம்பு, கொசு, வெட்டுக்கிளி, ஈ, எலி, ஆந்தை என்று நீளும். அந்த நான்கும் கெட மூலம் அதர்மம் என்று முடிக்கிறார்.

கொசு அங்கே நிலம் கெட்டதற்குச் சாட்சி, குற்றவாளி அல்ல. கொசு நிறைந்த இடத்தை விட்டு விலகு என்கிற பாடம் மட்டும் சரியாகவே விழுந்திருக்கிறது.

தமிழில் இதைப் பற்றி ஏதாவது உண்டா, எல்லாம் வடமொழிதானா?

உண்டு, அதுவும் பக்கத்து ஊரில். திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்து கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருக்கிறார். பனிக்காலம். கூட வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டுவிடுகிறது. இது இந்த நிலத்தின் இயல்பு என்றாலும் நம்மை அண்டாது என்று சொல்லி, ‘அவ்வினைக்கு இவ்வினை’ என்று தொடங்கும் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்று சேக்கிழார் எழுதுகிறார். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு, சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு. அது மலேரியாதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்தவுடன் படுக்கிறார்கள், குளிர் எடுக்கிறது, இந்த மண்ணின் குணம் அப்படி என்று ஒரு பேச்சு புழங்கியிருக்கிறது. மலையடிவாரச் சுரம் என்று வடமொழி நூல் சொன்னதை இங்கே நிலத்தின் இயல்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.

கோயில்களில் சுரதேவரையும் பார்த்திருப்பீர்கள். மூன்று தலை, மூன்று கால். காய்ச்சல் விட்டால் மிளகு ரசம் படைப்பார்கள். தட்சன் வேள்வியில் சிவனுக்கு வந்த கோபம்தான் சுரமாகப் பிறந்தது என்பது சரகரும் சொல்லும் கதை.

சொல்லைப் பற்றி ஒரு சின்ன விலகல். கொசுவுக்குத் தமிழில் நுளம்பு என்றொரு பெயர் உண்டு, இலங்கையில் இன்றும் அதுதான் வழக்கு. நம் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஆண்டவர்களில் நுளம்பர் என்ற அரச குலத்தாரும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதற்கும் யாராவது ஒரு செய்தி கிளப்பிவிடும் முன்பே சொல்லிவைக்கிறேன்.

இந்தக் ‘கொசுவைக் கண்டுபிடித்த சுஸ்ருதர்’ கதை எங்கிருந்து தொடங்கியது?

வாட்ஸ்அப்புக்கு நூறு வருடம் முன்பே. 1905இல் இலங்கையின் கவர்னராக இருந்த சர் ஹென்றி பிளேக், காய்ச்சலைக் கொசு பரப்பும் என்ற கருத்து பழைய நூல்களிலேயே இருக்கிறது என்று அங்கிருந்த மருத்துவச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். ராஸ் நோபல் வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, எல்லார் வாயிலும் கொசுப் பேச்சு. வெள்ளைக்கார கவர்னரே சொல்லிவிட்டார் என்றதும் நம்மவர்களுக்கு அது பெரிய சான்றிதழாகிவிட்டது. நம் பெருமையை நிரூபிக்க வெள்ளைக்காரரின் கையெழுத்து தேவைப்பட்டது என்பது தனி வேடிக்கை.

ராஸ் திருடினார் என்பது?

கல்பஸ்தானம் உள்ளிட்ட முழு சுஸ்ருத சம்ஹிதை ஆங்கிலத்தில் வரத் தொடங்கியதே 1907இல். ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைப் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20, செகந்தராபாத்தில். திருட முதலில் கையில் பொருள் கிடைக்கவேண்டாமா?

அவர் பட்ட பாட்டைப் படித்தால் திருட்டுப் பட்டம் கட்ட மனசு வராது. 1880இல் லாவரன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைப் பார்த்துவிட்டார். அது கொசுவுக்குள் போகலாம் என்று 1894இல் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் ராஸுக்கு எடுத்துச் சொன்னார். ராஸ் இரண்டு வருடத்துக்கு மேல் தவறான கொசுக்களை அறுத்து அறுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். 1897இல் ஊட்டிக்கு விடுப்பில் வந்தவர் சீகூர் மலைச்சரிவில் கொசு தேடப் போய்த் தானே மலேரியாவில் விழுந்தார். மலையடிவாரச் சுரம்! சுஸ்ருதர் பார்த்திருந்தால் பித்தம் என்றிருப்பார். செகந்தராபாத்தில் உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, கடித்த கொசுவுக்கு ஓர் அணா வீதம் கூலி கொடுத்தார். இறக்கையில் புள்ளி உள்ள அனாபிலிஸ் கொசு கையில் சிக்கிய பிறகுதான் விடை கிடைத்தது. மறுவருடம் கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து முழுச் சுற்றையும் காட்டினார். அதே வருடம் இத்தாலியில் கிராஸியும் கூட்டாளிகளும் மனித மலேரியாவுக்கு அதை நிரூபித்தார்கள். நோபல் ராஸுக்கு மட்டும் போனதில் கிராஸிக்குத் தீராத வருத்தம். திருட்டுச் சண்டை போடவேண்டும் என்றால் அவர்கள் இருவரும் போட்டதே போதும்.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஏன் அந்தக் காலத்தில் இவ்வளவு மலேரியா?

நிலம்தான் காரணம், சம்பந்தர் சொன்னது போலவே. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஓரம் ஃபுளூவியாட்டிலிஸ் என்ற அனாபிலிஸுக்கு உகந்த இடம். காவிரி வற்றும்போது ஒகேனக்கல் பக்கம் பாறைக்குழிகளிலும் மணல் பள்ளங்களிலும் தெளிந்த தண்ணீர் நிற்கும் பாருங்கள், அது கியூலிசிஃபேசிஸ் என்ற இன்னோர் அனாபிலிஸுக்குத் தொட்டில். சாக்கடைக் கொசு வேறு, இது வேறு. இதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். ‘எங்க ஊர்ல சாக்கடையே இல்ல சார், மலேரியா எப்படி வரும்’ என்று பென்னாகரம் பக்கத்தில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

கியூலிசிஃபேசிஸுக்கு மனிதனைவிட மாட்டின் மேல் ஆசை அதிகம். கொட்டகையில் சாயங்காலம் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவார்களே, என் பாட்டியும் போடுவாள். காய்ச்சலுக்காக இல்லை, மாடு உதைக்காமல் பால் கறக்கவேண்டும் என்பதற்காக.

சுவரில் தேதி எழுதி வைப்பார்களே, அது என்ன?

டிடிடி என்ற கொசு மருந்தை வீட்டுக்கு அடித்த தேதி. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கியது, 1958இல் ஒழிப்புத் திட்டமானது. சுதந்திரத்தின்போது நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்பது அன்றைய மதிப்பீடு. 1960களின் நடுவில் அது ஒரு லட்சம் நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கியது. ஒழிந்துவிட்டது என்று கையைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். 1976இல் 64 லட்சமாகத் திரும்பி வந்தது. கொசு மருந்துக்குப் பழகிவிட்டது, நாம் அசட்டையாகிவிட்டோம்.

நிலவேம்புக் குடிநீர் மலேரியாவைக் குணமாக்குமா?

அதை மட்டும் நம்பாதீர்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து அது. 2012 டெங்குப் பரவலின்போது ஊரெல்லாம் கொடுத்தார்கள். காய்ச்சல் நேரத்தில் குடிப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் ரத்தத்தில் மலேரியாக் கிருமி தெரிந்த பிறகு அதற்குரிய மாத்திரையைத்தான் விழுங்கவேண்டும். ஃபால்சிபரம் வகை என்றால் ஒரு நாள் தாமதமே மூளையைத் தாக்கப் போதும்.

பழைய நூலிலிருந்து மலேரியாவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா?

கிடைத்தது, சீனாவில். 4ஆம் நூற்றாண்டில் கோ ஹொங் என்பவர் எழுதிய கைநூலில், ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று ஒரு குறிப்பு. காய்ச்சச் சொல்லவில்லையே என்று தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி யோசித்தார். சூட்டில் மருந்து கெடுகிறதோ என்று குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தெடுத்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் நோபல். அவர் ‘எங்கள் ஆள் அன்றே சொன்னார்’ என்று நிறுத்திக்கொள்ளவில்லை, அந்த ஒரு வரியை எலியிலும் குரங்கிலும் தன் உடம்பிலும் சோதித்தார்.

குளிர் காய்ச்சல் வந்தால் இப்போது என்ன செய்வது?

ரத்தம் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்குப் பக்கம் வேலைக்குப் போய்வந்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். வைவாக்ஸுக்கு பிரைமாகுயின் எழுதிக்கொடுத்தால், காய்ச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் விடாதீர்கள். கல்லீரலில் தூங்கும் கிருமியைக் கொல்வது அதுதான்; சரகரின் விதை அங்கேதான் கிடக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை ஆகாது.

செய்தி அனுப்பிய நண்பர் என்ன சொன்னார்?

அத்தியாய எண்களோடு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ‘அருமை நண்பா, இனிய காலை வணக்கம்’ என்று ரோஜாப்பூவோடு பதில் வந்தது. அடுத்த வாரம் அவரே வேறொரு குழுவில் அதே செய்தியைப் போட்டிருந்தார். இந்த முறை 3,000 ஆண்டுகள்.